சோமாபாய் சாகக் கூடாத ஏழு வருஷம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சாவியாகத்தான் என்னிடம் வந்தது. குஜராத்தின் பெட்லாதில் சோமாபாய் வீட்டு மாடியில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். போன வாரம் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து அவர் மகள் ரூபல் போன் செய்தாள். "அண்ணா, உத்தராயண் முடியற வரைக்கும் மொட்டைமாடியைப் பூட்டி சாவியை நீங்களே வெச்சுக்குங்க. பப்பா கால்ல விழுந்தாலும் குடுத்துடாதீங்க."

உடனே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: "வானமெங்கும் பட்டங்கள் பறக்க, முதியவர் ஒருவர் ஏக்கத்துடன்..." சீச்சீ! தம்மை முதியவர் என்று எழுதியது தெரிந்தால் சோமாபாய் வாடகையை ஏற்றிவிடுவார்.

2

சோமாபாய்க்கு வயது எழுபத்தெட்டு. லெஸ்டரில் முப்பது வருடம் மளிகைக் கடை நடத்தி, அங்கே பெரிய வீடு ஒன்று வாங்கி, பிறகு மனைவி ஜசுபேனோடு ஊர் திரும்பியவர். அந்த வீட்டில் இப்போது ரூபல் இருக்கிறாள். அவர் கண்ணை மூடினால், வீட்டு மதிப்பில் ஒரு வரம்புக்கு மேலே உள்ளதற்கு அந்த நாட்டு அரசாங்கம் நூற்றுக்கு நாற்பது வரி கேட்கும். கட்ட வேண்டுமென்றால் ரூபல் வீட்டையே விற்க வேண்டியதுதான். ஆனால் இருக்கும்போதே மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஏழு வருடம் உயிரோடு இருந்தால், அந்த வீட்டுக்கு வரியே கிடையாது.

"அந்தக் குளிர்ல முப்பது வருஷம் நின்னவன், நம்ம வெயில்ல ஏழு வருஷம் நிக்க மாட்டேனா?" என்றாராம்.

ஏழு வருடத்துக்கு முன்னால், வக்கீல் டிசம்பர் நடுவிலேயே பத்திரத்தை நீட்டியிருக்கிறார். இவர் பேனாவைத் தொடவில்லை. "கமுர்த்தாவுல எவனாவது நல்ல காரியம் பண்ணுவானா?" (நம் மார்கழியேதான். வெள்ளைக்கார வக்கீலுக்கு அதை விளக்க அரை மணி நேரம் ஆனதாம்.) கமுர்த்தா முடிகிற உத்தராயண் அன்று, நம் பொங்கல் நாளில்தான் கையெழுத்துப் போட்டார். ஆக, ஏழு வருடத்தின் கடைசி நாள் எது? ஊரே கூரைமேல் ஏறிப் பட்டம் விடுகிற அதே நாள்!

[இங்கே "விதி சிரித்தது" என்று எழுதி அடித்துவிட்டேன். சிரித்தது ஜசுபேன்.]

3

அந்த ஏழு வருடமும் மனுஷரை முட்டையைப் போலப் பொத்திவைத்தார்கள். ஸ்கூட்டர் விற்கப்பட்டது. எண்ணெயில் பொரித்த ஃபாஃப்டா வாரத்துக்கு இரண்டே துண்டு. கொடுத்த வீட்டிலேயே இலவசமாகத் தங்கினால் கொடுத்தது செல்லாமல் போய்விடும் என்பதால், மகளைப் பார்க்கப் போன மூன்று வாரத்துக்கும் வாடகை கொடுத்தார். அந்த ரசீதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். "பெத்த மகளுக்கு வாடகை குடுத்த படேல் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்!"

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், பட்டத்தைத் தவிர. ஆறு உத்தராயணுக்கு வாசலில் நாற்காலி போட்டு, நூல் சுற்றிய ஃபிர்க்கியை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கனுபாயின் பட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம்.

4

இன்றுதான் அந்தக் கடைசி நாள். மத்தியானம். நான் மூன்றாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. மாஞ்சா நூல் அறுக்காமலிருக்க விரல்களில் பிளாஸ்திரி சுற்றி, ஃபிர்க்கியோடு கதாநாயகரே நிற்கிறார்.

"சாவியைக் குடு."

"ஒரு நாள்தானே சோமாபாய். நாளைக்கும் பட்டம் விடுவாங்களே, வாசி உத்தராயண்."

"வாசின்னா ஊசிப்போனது. முந்தாநாள் ஜிலேபியை நீ தின்னு. எனக்கு இன்னிக்கு வேணும்."

பின்னாலேயே மூச்சிரைக்க ஜசுபேன். "ஏங்க, புத்தி கெட்டுப்போச்சா? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம பண்ணிடாதீங்க. கால் தவறினா புள்ள வீடு போயிடும்!"

நான் ரூபலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பேச்சை வளர்த்து அவரை அமுக்கலாம் என்று இரண்டாம் பகுதியை உரக்கப் படித்தேன். அவள் சிரித்தாள்.

"அண்ணா, கதையில கணக்கு தப்பு. மூணு வருஷம் தாண்டிட்டா வரி வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வரும். இன்னிக்கு நாற்பது இல்ல, எட்டுதான். அதுக்கு வீட்டையெல்லாம் விக்க வேண்டாம், நானே கட்டிடுவேன்."

(என் கதையின் முதுகெலும்பு அங்கேயே முறிந்தது.)

சோமாபாய் போனைப் பிடுங்கினார். "எட்டா? அடியே, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நாலு வருஷமா தெரியும் பப்பா."

"அப்புறம் எதுக்குடி என் பட்டத்தைப் பிடுங்கினே?"

"வரின்னு சொன்னா நீங்க கேப்பீங்க. நீங்க எனக்கு வேணும் பப்பான்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

சோமாபாய் என் கட்டிலில் உட்கார்ந்தார். ஒழுங்காகத்தான் இருந்த பிளாஸ்திரியைப் பிரித்து மறுபடி சுற்றினார். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவே இல்லை.

"ஜசு," என்றார், "முப்பது வருஷம் கடை வெச்சு என்ன பிரயோஜனம்? இவ என்னை எனக்கே வித்துட்டாளே!" சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் கேட்டதில்லை.

5

மூன்று முடிவு யோசித்து வைத்திருந்தேன். ஒன்று, அவர் ஏறிக் கனுபாயின் பட்டத்தை அறுக்கிறார். இரண்டு, மகளுக்காக நாளைவரை காத்திருக்கிறார். மூன்றாவதில் கைப்பிடிச் சுவரோரம் கால்... மாட்டேன். அதை எழுதக் கை வராது.

"காப்யோ சே!" என்று கனுபாய் வீட்டுக் கூரையில் கத்துகிறார்கள். யாருடைய பட்டமோ அறுந்துவிட்டது. சோமாபாய் எழுந்து நிற்கிறார், படியைப் பார்க்கிறார், போனைப் பார்க்கிறார்.

"அண்ணா," என்கிறாள் ரூபல், "குடுக்கறதா இருந்தா குடுங்க. ஆனா பின்னாடி நின்னு பப்பா சட்டையை யாராவது கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

என் ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் அவர் திருப்பித் தந்த போன். ஜசுபேனுக்கு முழங்கால் வலி. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், சும்மா நிற்காதீர்கள். இந்தாருங்கள் சாவி. ஏறுவதா வேண்டாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறினால் மட்டும், அந்தச் சட்டையை விட்டுவிடாதீர்கள்.