பில் யார் பேரில்

அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அதுவும் சட்டக் கல்லூரி. படிப்பை முடித்தாயிற்று, கறுப்புக் கோட்டை இன்னும் தைக்கக்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் பால்காரர் முதற்கொண்டு தெருவில் எல்லோருக்கும் அவள் வக்கீலம்மா. அண்ணன் கூப்பிடும்போது மட்டும் அதில் பாதி பெருமை, பாதி கிண்டல்.

போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அண்ணன், பூட்டுத் திறக்கிற வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது முதலில் அவளிடம்தான் வந்தான்.

"எது செய்யலாம், எது கூடாதுன்னு சொல்லிடு. நாளைக்குப் போலீஸ்காரன் வந்து என் சட்டையைப் பிடிச்சா, அம்மா உன்னைத்தான் விளக்குமாத்தால அடிக்கும்."

கேட்கிற ஆள் கிடைத்தால் விடுவாளா? படித்ததையெல்லாம் கொட்டினாள். தன் சிம் மட்டும் வேலை செய்யட்டும் என்று கம்பெனிக்காரன் போட்ட பூட்டை, அவனோடு போட்ட ஒப்பந்தம் முடிந்திருந்தால் திற, முடியாததைத் தொடாதே. போனின் அடையாள எண்ணை மாற்றித் தரச் சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு, அது குற்றம். திருட்டு போனைத் திறந்தால் நீயும் கூட்டாளி. திரைப் பூட்டு மறந்துபோச்சு என்று வருகிறவனிடம் பில் கேள், அடையாள அட்டை கேள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் திற. இல்லையென்றால் பெத்த அப்பனே வந்து நின்றாலும் திறக்காதே.

"பில் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்க. அவ்வளவுதாண்ணா. நீ மனசாட்சியெல்லாம் பார்த்து மண்டையை உடைச்சுக்க வேணாம்."

"மனசாட்சி பார்க்க வேணாமா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் வக்கீலுக்குப் படிச்சிருப்பேனே."

இவ்வளவும் பேசியபோது அவள் கையில் இருந்த போனின் பில் அண்ணன் பெயரில் இருந்தது. அம்மா போனும் அப்படித்தான். பில் போடுகிறவன் எந்தப் பெண்ணிடம் பெயர் கேட்கிறான்? பக்கத்தில் நிற்கிற ஆம்பிளையைப் பார்த்துத்தானே "பேர் சொல்லுங்க சார்" என்கிறான். அவளுக்கு இது தெரியாததா? வீட்டில் மின் இணைப்பு அப்பா பெயரில், வாடகை ஒப்பந்தம் அண்ணன் பெயரில், அம்மா பெயரில் ரத்தக்கொதிப்பு மட்டும்தானா என்று தொண்டை கிழியச் சண்டை போட்டவள்தான் அவள். சட்டம் சொல்ல உட்கார்ந்ததும் அந்தச் சண்டைக்காரி எழுந்து எங்கோ போய்விட்டாள்.

கடை அவள் சொன்னபடியே நடந்தது. பில் இல்லாமல் வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பினார்கள். சீனியர் வக்கீல் ஒருவரிடம் சேரும்வரை வீட்டில் கிடப்பானேன் என்று அவளும் மாலை நேரங்களில் கடையில் உட்கார்ந்தாள்.

அப்படி ஒரு மாலை, மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்தார். அவர் நீட்டிய போனின் உறையில் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள் ஒட்டியிருந்தன. கண்ணாடியில் ஒரு கீறல்.

"பூட்டு மறந்துபோச்சு. உள்ள இருக்கிறது எதுவும் அழியக் கூடாது. அப்படியே புதுக் கண்ணாடி ஒண்ணும் ஒட்டிடுங்க."

அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாருக்குப் பூன்னா ரொம்பப் பிடிக்குமோ?"

"என் பொண்ணு ஒட்டினது." அவர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

பில்லை எடுத்து வைத்தார். அட்டையை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே பெயர்.

"என்ன வக்கீலம்மா, திறக்கலாமா?" என்றான் அண்ணன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நிறுத்தியிருந்த பைக்கின் பின்னிருக்கையில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா அவளைப் பார்த்தாள். பூப்போட்ட உறையைப் பார்த்தாள். எழுந்து போய், "அக்கா, இது உங்க போனா?" என்று கேட்க நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் அந்த மனிதர், "மேடம் சொன்னா சரி" என்று அவள் வாயைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வயதில் மூத்த ஓர் ஆம்பிளை அவள் பேச்சுக்குக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. அந்த ருசி பொல்லாதது.

"பில் இருக்கு, அட்டை இருக்கு. திறக்கலாம்."

அண்ணன் வைத்திருந்த கருவி, பழைய மாடல் போன்களை உள்ளே இருப்பது அழியாமல் திறந்துவிடும். போனை அணைத்துப் போட்டால் அதே பூட்டு மறுபடி விழுந்துவிடும். திறந்ததும் அந்த மனிதர் அங்கேயே நின்று தள்ளித் தள்ளிப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து, படித்ததையெல்லாம் படம் பிடித்தார். தனக்கு வந்த செய்தியை எவனாவது இன்னொரு போனில் படம் பிடிப்பானா? வக்கீலம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஏற்கெனவே ஒழுங்காகத் தொங்கிய உறைகளை அடுக்கினாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் தனியாக வந்தாள். போனை மேசைமேல் வைத்தாள்.

"இதை இங்கதானே திறந்தீங்க?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"கண்ணாடி மாத்தித் தரேன்னு என் வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தார். கண்ணாடி நல்லாத்தான் இருக்கு." அவள் குரலில் சூடே இல்லை, அதுதான் சுட்டது. "தனியா போயிடலாம்னு எங்க அக்காகிட்ட சொல்லி ஒரு ரூம் பார்த்திருந்தேன். இந்த போனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் நேரா அந்த வீட்டுக்காரம்மாகிட்ட போய், நான் ஓடுகாலின்னு சொல்லிட்டார். ரூம் இல்லேன்னுட்டாங்க. பொண்ணைத் தன் அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டார். நான் தட்டினா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க."

வக்கீலம்மா வாயைத் திறந்தாள். வந்தது என்ன தெரியுமா?

"பில் அவர் பேர்ல இருந்துச்சுங்க. சட்டப்படி நாங்க..."

"வாங்கினது என் சம்பளத்துல. வாங்கப் போன அன்னைக்குக் கூட வந்தவர் அவர்."

சட்டப்படியாம், சட்டப்படி! பொருள் வேறு, அதற்குள் இருக்கும் பேச்சு வேறு. பெட்டியை வாங்கியவன் என்பதற்காக அதில் இருக்கும் அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்க அவனுக்கு உரிமை வந்துவிடாது என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள். எழுதியது பேப்பரோடு போயிற்று.

"நீங்க அன்னைக்கு என்னைப் பார்த்தீங்க," என்றாள் அந்தப் பெண். "நான் சிரிச்சேன். நீங்க திரும்பிக்கிட்டீங்க."

அந்தப் பெண் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். நானே திறந்து காட்டினேன்னு அவர் சாதிக்கிறார். நீங்க திறந்து குடுத்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. வேற எதுவும் வேணாம்."

அண்ணன் தங்கையைத் திரைச்சீலைக்குப் பின்னால் இழுத்தான். "எழுதினா நாமளே போய்த் தலையை நீட்டறோம்டி. கடையை இழுத்து மூடிடுவாங்க. எனக்கு வேற தொழிலும் தெரியாது. நீ சொல்லித்தானே செஞ்சேன்?"

"ஆமாண்ணா. நான் சொல்லித்தான்."

"அப்ப நீயே சொல்லு, இப்ப என்ன செய்யறது?"

அவள் வெளியே வந்து எழுதினாள். கை பழக்கத்தில் ஓடியது: உரிமையாளர் கேட்டுக்கொண்டதன் பேரில், உரிய ஆவணங்களைச் சரிபார்த்த பின்னர்... அந்தப் பெண் நிதானமாகப் படித்தாள்.

"உரிமையாளர்னு யாரைச் சொல்றீங்க?"

வக்கீலம்மா தாளை வாங்கிக் கசக்கினாள். இன்னொன்று எடுத்தாள். யார் கொண்டுவந்தார், என்ன பொய் சொன்னார், எதைப் படம் பிடித்தார் என்று எழுதினாள். பேனா நின்றது. பிறகு, திறக்கலாம் என்று சொன்னது நான்தான், வெளியே ஒரு பெண் காத்திருப்பதைப் பார்த்தும் கேட்காமல் விட்டேன் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். அண்ணன் பார்க்கமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

"நானும் ஸ்டேஷனுக்கு வரேங்க்கா. அங்க எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

"வேணாம்மா. நீங்க வந்தா அங்கயும் என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. உங்க வாயைத்தான் பார்ப்பாங்க."

அதில் கோபம்கூட இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். ஒரு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

சுவரைப் பார்த்தபடியே அண்ணன் கேட்டான்: "நமக்கு என்னடி ஆகும்?"

"தெரியலண்ணா."

"ஒண்ணும் ஆகாதுன்னு பொய்யாவது சொல்லேன்."

"பொய்யா? பில் யார் பேர்லயோ அவங்கதான் சொந்தக்காரங்கன்னு அன்னைக்கே சொல்லிட்டேனே," என்றாள் அவள், தலை நிமிராமல்.