திருப்பிப் போட்டது

முந்நூற்று அறுபது ரூபாய். தோசை மாஸ்டர் ரெமிஜியஸுக்குச் சட்னி அரைக்கும் அம்புஜம் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். ஆடியில் மஞ்சள் காமாலை வந்து அவள் ஆறு நாள் படுத்தபோது, அவள் கூலிக் கணக்கிலேயே நாளுக்கு அறுபதாக அவன் கொண்டுவந்து கொடுத்தது. தொம்மலூரில் கிருஷ்ணப்பா நடத்திய அந்த நின்று சாப்பிடும் ஓட்டலில் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. கொடுத்த பிறகு ரெமிஜியஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு முள்ளாய்க் குத்தியது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் காய்ச்சலோடு கல்லு முன்னால் நின்றான். தன் கடன்தான் அவனை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறது என்று அம்புஜம் நினைத்தாள்.

"உடம்பு கொதிக்குது. வீட்டுக்குப் போ ரெமி."

"போனா கல்லை யார் பாக்கறது? லீவு வேணும்னா பதிலாள் நிறுத்தணும். நீங்க என்ன ஓட்டலுக்குப் புதுசா?"

"நிறுத்தேன். ஆஸ்டின் டவுன்ல மாஸ்டருக்கா பஞ்சம்?"

"அதான் பயமே. வர்றவன் நல்லா சுட்டான்னா, நான் திரும்பி வரும்போது கல்லு அவனுது. நானே இந்தக் கல்லுக்கு அப்படித்தான் வந்தேன்கா."

இருமல் வந்தது. முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டான். எதிரில் நின்றவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்.

"நான் நிக்கறேன்" என்றாள் அம்புஜம்.

"நீங்களா? சட்னி அரைக்கிறவங்க..." அவன் சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

"உன் கல்லைத் தூக்கிட்டுப் போனா என் வீட்ல வைக்க இடமில்ல. கெளம்பு."

ஆள் நின்றால் போதும் என்று கிருஷ்ணப்பாவும் விட்டுவிட்டார்.

ஓட்டல் தோசையைப் புரட்டுவதில்லை. ஒரு பக்கம் முறுகியதும் மடித்துத் தட்டில் போட வேண்டியதுதான். அம்புஜத்துக்கும் அது தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் வீட்டில் சுட்ட கை, விளிம்பு எழும்பியதும் தானாகப் புரட்டிவிட்டது.

"பேடா, பேடா! திருப்பாதம்மா!" கல்லாவிலிருந்து கிருஷ்ணப்பா கன்னடம் கலந்து கத்தினார்.

அதற்குள் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டான். "வீட்டுத் தோசைங்க இது! இன்னொண்ணு, இதே மாதிரி."

மூன்றாம் நாள் "திருப்பிப் போட்டது ரெண்டு" என்று கேட்டே வாங்கினார்கள். சாயங்காலம் கிருஷ்ணப்பா குரலைத் தழைத்தார்.

"கல்லுலயே நின்னுடும்மா. நாளுக்கு எண்பது தர்றேன். அவன் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

மாஸ்டர் கூலி நூற்றிருபது. அவருக்கு நாற்பது மிச்சம், அவளுக்கு இருபது லாபம். பதினெட்டு நாளில் கடனே தீர்ந்துவிடும். யாருக்குத் தரவேண்டிய கடன் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு ரெமி வந்துடுவான் சார். எனக்கு சட்னி போதும்."

"ஜ்வரம் விடலேன்னா?"

"நாளைக்கும் நானே நிப்பேன். அவன் பேர்ல."

நின்ற மூன்று நாளுக்கும் மாஸ்டர் கூலி கேட்டாள். "ஹெங்கசுக்கு அறுபதுதான், பொம்பளை ரேட்டு" என்று நூற்றெண்பதை எண்ணி வைத்தார்.

மறுநாள் ரெமிஜியஸ் வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் கண் தெளிந்திருந்தது. கல்லில் தண்ணீர் தெளித்து முடிக்கவில்லை, வெளியிலிருந்து ஒரு குரல்: "மாஸ்டர், திருப்பிப் போட்டது ஒண்ணு!"

"என் பொழப்பை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க பாத்தீங்களா" என்று முனகினான். "எப்பக்கா திருப்பறது?"

"விளிம்பு தூக்கும் பாரு. ம்... இப்ப."

தோசை புரண்டது. அம்புஜம் மடியிலிருந்து நூற்றெண்பதை எடுத்து நீட்டினாள். "பாதிதான் இருக்கு ரெமி. மீதியை மெதுவா..."

அவன் வாங்கவில்லை. "தட்டு கழுவற மமதா எல்லாத்தையும் சொல்லிட்டா. எண்பது ரூபாய் பேச்சையும் சேத்து. கல்லு என்னுதுன்னா பதிலாள் கூலியும் நான்தானே தரணும்? நாளுக்கு நூத்திருபது. மூணு நாள். எண்ணிப் பாருங்க."

அவள் விரல் விட்டு எண்ணினாள். சரியாக முந்நூற்று அறுபது.

"இருந்தாலும் வாங்கினதைத் திருப்பித் தரணுமேப்பா."

"மூணு நாளா திருப்பித் திருப்பித்தானே போட்டீங்க" என்றான் ரெமிஜியஸ். "இன்னும் என்னத்தைத் திருப்பறது? போய் சட்னியை அரைங்க."