பக்கத்து மேசைத் தண்ணீர்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண்கள் ஏன் சரிந்தன என்று ஆராய்ந்த அறிக்கை. மெய்ப்புத் திருத்துவது என் வேலை. காரணங்களில் ஒன்று 'கவனக்குறைவு'. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது.

2

நிலம் குலுங்கிய அந்தக் காலையில், மாணவி

(வேண்டாம். இடிபாட்டில் தொடங்கினால் நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள்.)

கணக்குத் தேர்வில் தொடங்குகிறேன். வகுப்பில் அந்த மாணவிக்கு 'கால்குலேட்டர்' என்று பட்டப்பெயர். நிலநடுக்கத்தில் வீட்டுச் சுவர் விழுந்து அண்ணனின் கால் முறிந்தது. அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் எதிரே தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொள்கிறாள். தண்ணீர் ஆடினால் ஓடவேண்டும். ஒரு வரி எழுதுவாள், பாட்டிலைப் பார்ப்பாள். அரையாண்டில் பாதித் தாள் காலி. இதிலும் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். (அப்பாவை வில்லனாக்குகிறேனோ? இல்லை. மகள் அந்தப் பள்ளிக் கட்டடத்துக்குள் உட்காருவது அவருக்கும் பயம்தான்.)

3

தேர்வறையில் இருந்த டீச்சர் நல்லவர்தான். இவள் பாட்டிலையே வெறிப்பதைப் பார்த்து, கவனம் சிதறக்கூடாதே என்று அதை எடுத்துக் கடைசி வரிசைக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதன்பிறகு இவள் பக்கத்து மேசையைப் பார்க்கத் தொடங்கினாள். அந்தப் பெண்ணின் பாட்டில் அவள் விடைத்தாளை ஒட்டியே இருந்தது. டீச்சர் எச்சரித்தும் இவள் மறுபடி அங்கேயே பார்த்தாள். டீச்சர் இவளுடைய தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவ பேப்பர்ல என்ன பாக்குற?"

"பேப்பர பாக்கல மிஸ். தண்ணி ஆடுதான்னு பாத்தேன்."

(இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்த வயதில் அதைத் தாங்கமுடியாது.)

டீச்சர் கேட்காத சாக்கு இல்லை. காப்பியடித்தாள் என்று மேலே எழுதிக்கொடுத்தால் இவளுடைய தேர்வு ரத்து. திருப்பிக்கொடுத்து, இவள் சொன்னது பொய்யாக இருந்தால், பக்கத்துப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது?

4

முடிவு ஒன்று: டீச்சர் நம்பிவிடுகிறார். (திகட்டுகிறது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அந்த நொடியில் நிலம் மறுபடியும் (சீ, மலிவான வேலை.)

எனக்குக் கைவரவில்லை. டீச்சரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தாள் உங்கள் கையில் இருக்கிறது. நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவள் வெறும் மேசைமுன் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் யோசிக்கிற நேரம் அவளுடைய தேர்வு நேரத்தில்தான் கழிகிறது.