பதினெட்டாம் பெருக்குக் கயிறு

கலைமதியின் அப்பா வீரமலைக்கு மஞ்சள் கயிறு என்றால் பயம். மன்னார்புரத்தில் பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கும் கடை அவருடையது. போலீசுக்கோ ரௌடிக்கோ பயந்தவர் இல்லை. ஆனால் மணப்பாறையிலிருக்கும் அவருடைய அக்கா மகள் ஆனந்தவள்ளி, நர்சிங் படிக்கப் போன இடத்தில் யாருக்கும் தெரியாமல் தாலி கட்டிக்கொண்டாள். அந்தக் கயிற்றைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடியே தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்கும் தின்றுவிட்டுப் போனாள். விஷயம் வெளியே வந்ததிலிருந்து அக்கா வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதனால் கலைமதிக்குக் கோயம்புத்தூரில் என்ஜினியரிங் சீட் கிடைத்தபோது வீரமலை சந்தோஷப்பட்டதைவிடக் கவலைப்பட்டதுதான் அதிகம். அவர் மனைவி வேணி பேசிப் பேசி அவரைக் கரைத்தாள். கடைசியில் ஒரே நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஏதாவது காதில் விழுந்தால் படிப்பு அன்றோடு முடிந்தது.

காதில் விழுவதற்கு ஏற்கெனவே ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் பெயர் பிரஹலாத். ஸ்ரீரங்கத்துப் பையன், அப்பாவுக்குக் கோயிலில் கைங்கரியம். இருவரும் ஒரே பிசிக்ஸ் டியூஷன். அந்தக் கோடையில் அவர்கள் காதலித்தது பெரும்பாலும் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டுதான். அவன் ஸ்ரீரங்கம் பஸ்ஸை விடுவான். இவள் மன்னார்புரம் வழியாகப் போகும் பஸ்ஸை விடுவாள். வெயில் மண்டையைப் பிளக்கும். ரோஸ்மில்க் குடிப்பார்கள். அவன் பெங்களூரில் படிக்கப் போகிறான். நாலு வருஷம் கழித்து வீட்டில் சொல்லிவிடலாம் என்பான். அவன் சொல்லும்போது நாலு வருஷம் அப்படியொன்றும் பெரிதாகத் தெரியாது. அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் என் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிடு என்று அவன்தான் கூப்பிட்டான். பேச வேண்டாம், தள்ளி நின்று பார்த்தால் போதும். பதினெட்டாம் பெருக்கன்று காலையில் அவர்கள் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறைக்கு வருவார்கள், அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள் என்றான். தோழி ஆபிதா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கலைமதி போனாள்.

காவிரியில் தண்ணீர் படிகளைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பிரஹலாதின் அம்மா கோதைநாயகி பூஜையை முடித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் நின்ற பெண்களுக்கெல்லாம் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு வந்தார். தள்ளி நின்றால் போதும் என்று வந்தவள் கூட்டம் நெருக்கியதில் அவருக்கு முன்னாலேயே போய் நின்றாள். அவர் யார் எவர் என்று கேட்கவில்லை. கழுத்தை நீட்டச் சொன்னார். ஒரு சரடை எடுத்துக் கட்டினார்.

"தீர்க்காயுசா, சௌக்கியமா இருடி குழந்தே. பெருமாள் நல்ல ஆம்படையானா பாத்துக் குடுப்பார்."

அம்மாவுக்குப் பின்னால் பூக்கூடையோடு நின்ற பிரஹலாதைக் கலைமதி பார்த்துவிட்டாள். அந்தப் பார்வை கோதைநாயகியின் கண்ணில் பட்டது. அவர் மகனிடம் திரும்பினார்.

"நோக்குத் தெரிஞ்ச பொண்ணாடா?"

"தெரியாதும்மா" என்றான் பிரஹலாத்.

சட்டென்று, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னான். டியூஷனில் கூடப் படிக்கிற பெண் என்றாவது சொல்லியிருக்கலாம். கலைமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அவனைக் கேட்க வேண்டிய கேள்விகளை வழி முழுக்க அடுக்கிக்கொண்டே வந்தாள். அவன் போன் செய்தான், எடுக்கவில்லை. ஒரு வாரமாவது எடுக்கக் கூடாது, எடுத்தால் வகையாகக் கேட்க வேண்டும். இந்தக் கோபத்தில் கழுத்தில் கிடந்த சரடு அவள் நினைவிலேயே இல்லை.

கலைமதி வீட்டு வழக்கம் வேறு. கல்யாணமான பெண்கள்தான் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கயிறு மணிக்கட்டில். வருஷா வருஷம் வேணிதான் கட்டுவாள். இந்த வருஷமும் மஞ்சள் கயிறும் சித்திரான்னமும் தயாராக வைத்துக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தாள். கலைமதி துப்பட்டாவை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, அப்பாவுக்குச் சோறு பரிமாறக் குனிந்தாள்.

வீரமலையின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எவன் கட்டுனது?"

அவர் சத்தம் போடவில்லை. கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது. கலைமதிக்கு அப்போதுதான் கழுத்து ஞாபகம் வந்தது. ஆபிதாவைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டம் பார்க்கப் போனதாகவும், படித்துறையில் ஒரு அம்மா எல்லாப் பெண்களுக்கும் கட்டிவிட்டதாகவும் சொன்னாள். வேணி வந்து கயிற்றைத் திருப்பிப் பார்த்தாள். ஒரே முடிச்சுதான், தாலிக்கு மூணு போடுவாங்க என்றாள். அது அவருக்குப் போதவில்லை.

"அந்த அம்மாகூட யாரு இருந்தா?"

"அவங்க பையன் நின்னுட்டிருந்தான்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பாதி உண்மையாவது சொல்லிவிடலாம் என்று வாய் முந்திக்கொண்டது. வீரமலை அவள் முகத்தையே பார்த்தார்.

"அவனைத் தெரியுமா உனக்கு?"

டியூஷனில் கூடப் படிக்கிற பையன் என்று சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூருக்கு எடுத்து வைத்திருந்த பெட்டி அப்பாவின் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது.

"தெரியாதுப்பா" என்றாள் கலைமதி.

சட்டென்றுதான் வந்தது. வீரமலை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். ரசம் ஊற்றச் சொன்னார். வேணி மகளை உள்ளே கூட்டிப் போய், கழுத்துச் சரடை அவிழ்த்து சாமி படத்தின் ஆணியில் மாட்டினாள். பிறகு தான் வைத்திருந்த கயிற்றை எடுத்து மணிக்கட்டில் கட்டினாள். அந்தப் பையன் யார் என்று அவள் கேட்கவில்லை. முடிச்சை மட்டும் வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டாள்.

சாயங்காலம் பிரஹலாத் மறுபடி கூப்பிட்டான். கலைமதி மொட்டை மாடிக்குப் போய் எடுத்தாள். அவன் ஹலோகூடச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். அம்மா திடீரென்று கேட்டதும் பயந்துவிட்டதாகச் சொன்னான். உன் கோபம் தீரும்வரை என்னைத் திட்டு என்றான்.

பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்த கேள்விகளில் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அது அவளுக்கு வலித்தது. காலையில் இருந்த கோபமே தேவலை.

"திட்டு கலை" என்றான் அவன் மறுபடியும்.

"வேணாம்" என்றாள். "பெட்டி அடுக்கணும். வைக்கிறேன்."