‘இல்லை’ கடைசியில் வரும் மொழியில் ஒரு கார்ப் பந்தயம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, “நீங்கதான் அலபாமால இருக்கீங்களே, அந்த முட்டை வடிவ மைதானத்துல சுத்திச் சுத்தி கார் விடுறாங்களே, அதை எப்படி மேம்படுத்தலாம்னு ஒரு கட்டுரை குடுங்க” என்றார். டயர் கம்பெனி வேலைக்கு வந்து, வந்த இடத்திலேயே தலை நரைத்துப்போனவள் நான். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஹாலிஸ் க்ரீக்கில் எந்த வீட்டைத் தட்டினாலும் ஆள் இருக்காது, எல்லோரும் ‘ஓவல்’ என்கிற அந்த மைதானத்தில் இருப்போம். கட்டுரைதானே, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

‘வேக ஓவல் பந்தயங்களின் தலையாய சிக்கல் யாதெனில், எஞ்சினுக்குச் செல்லும் காற்றை மட்டுப்படுத்தும் துளைத் தகட்டினால் எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில்

அதோடு நின்றுவிட்டது. எனக்கே கொட்டாவி வந்தது.

‘காற்றின் போக்கை ஆராயுமிடத்து

‘ஆராயுமிடத்து’ என்று எழுதிய கையை நானே ஒரு தட்டுத் தட்டினேன். மூன்றாவது வாக்கியம் இது: ‘வெர்லீன் பெட்டஸ் தன் கணவனோடு வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.’ இது ஓடியது. ஆசிரியர் மன்னிக்க வேண்டும். கட்டுரை இதற்குள்ளேதான் எங்கேயோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

2

வெர்லீனுக்கு வார நாட்களில் முடி வெட்டும் கடை. சனிக்கிழமை அவள் இடம் பார்வையாளர் மேடையின் கூரை. இடுப்பில் ரேடியோ, வாய்க்கு முன்னால் மைக், கீழே ஓவல் முழுக்க அவள் கண். காருக்குள் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் ஹாய்ட்டுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் எவன் ஒட்டிக்கொண்டு வருகிறான் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். “உள்பக்கம் ஒருத்தன்.” “வெளிப்பக்கம் ஒருத்தன்.” “அங்கயே இருக்கான்.” “கிளியர்.” கிளியர் என்றால் வழி காலி, தாராளமாகத் திருப்பலாம். அந்த ஒரு சொல்லை நம்பி ஹாய்ட் மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பான்.

ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இப்படிக் கூரையில் ஓர் ஆள் உண்டு. அவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. வழி நிஜமாகவே காலியாக இருந்தாலொழிய ‘கிளியர்’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. ‘கிளியர் இல்லை’ என்று சொல்லவே கூடாது, ‘அங்கயே இருக்கான்’ என்றுதான் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தும் அவசரத்தில் ரேடியோ முதல் சொல்லை விழுங்கிவிடும். அவர்கள் மொழியில் ‘நாட் கிளியர்’, ‘இல்லை’ முதலில் வருகிறது.

போன இலையுதிர்காலத்தில், பயத்தில், வெர்லீன் அந்தச் சட்டத்தை மறந்து ‘நாட் கிளியர்’ என்று கத்தினாள். ஹாய்ட் காதில் விழுந்தது ‘கிளியர்’ மட்டும். அவன் காரைச் சரிவில் உள்பக்கமாகக் கீழே இறக்கினான். அங்கே ஏற்கெனவே ஒருவன் இருந்தான். பின்னால் வந்த மொத்தக் கும்பலும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து மோதியது. இப்படிக் கும்பலே மோதிக்கொள்வதை எங்கள் ஊரில் ‘பெருசு’ என்பார்கள். (நம்மூரில் பெருசு என்றால் பேருந்தில் ஜன்னல் இருக்கைக்குச் சண்டை போடுகிறவர். இரண்டுமே வழியை மறிக்கும் என்பதால் இந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.) புண்ணியத்துக்கு யாருக்கும் அடியில்லை. ஹாய்ட்டின் கார்தான் பிய்ந்துபோனது.

“நீதானே கிளியர்னு சொன்ன?”

“இல்லன்னு சொன்னேன்யா.”

“எனக்குக் கேக்கல.”

“உனக்கு என்னிக்குத்தான் நான் சொன்னது கேட்டிருக்கு?”

அதோடு சரி. அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் நாய் மூலமாகத்தான். நாயின் பெயர் டீக்கன். “டீக்கன், காபி ஆறிப்போகுதுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு.” “டீக்கன், எனக்குக் கண்ணு இருக்குன்னு அந்த அம்மாகிட்ட சொல்லு.” டீக்கன் இரண்டு பக்கமும் வாலாட்டியது.

வசந்தத்தில் ஹாய்ட் வேறொரு காரைத் தேற்றி மறுபடி ஓட்ட வந்தான். கூரைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளவில்லை. வெர்லீனும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் மட்டும் அந்தக் குடும்பத்தில் பேச்சு நடந்தது. உள்பக்கம், வெளிப்பக்கம், அங்கயே இருக்கான், கிளியர். அந்த நாலு வார்த்தைக்காக வெர்லீன் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். அவனும்தான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் ஹாய்ட்டின் மண்டைக்குள் எனக்கு அனுமதி இல்லை.

3 (இதைத் தாண்டிப் போனாலும் கதை கெடாது)

அந்த விபத்தைத் தமிழில் எழுதும்போது ஒரு வில்லங்கம் வந்தது. ‘கிளியர் இல்ல!’ என்று வெர்லீன் கத்துவதாக எழுதினேன். படித்துப் பார்த்தால், ‘இல்ல’ வருவதற்குள் ஹாய்ட் திருப்பிவிடுகிறான். அவர்கள் மொழியில் ‘இல்லை’ முன்னால் வந்து ரேடியோவில் செத்தது. நம் மொழியில் பின்னால் வந்து, நேரம் போதாமல் சாகிறது. தமிழில் எழுதினால் ஹாய்ட் மேல் தப்பே இல்லை!

இதைக் கடையில், என் தலை அவள் கையில் இருக்கும்போது, வெர்லீனிடம் சொன்னேன். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“அப்ப உங்க ஊர்ல ஒருத்தரும் உயிரோட வண்டி ஓட்ட முடியாதே?”

“ஓட்டுவோமே. கூரைமேல ஆள் நிறுத்த மாட்டோம், ஹாரன் அடிப்போம்.”

4

இப்போது அந்தக் கூட்டம். ஓவலின் சொந்தக்காரர் ஹார்லன் டிட்மோர் ஊராரைக் கூப்பிட்டு, பன்றி இறைச்சி ரொட்டியும் இனிப்பு ஐஸ் டீயும் கொடுத்து, வாய் நிறைந்திருக்கும்போது விஷயத்தை எடுத்தார்.

“கூட்டம் குறைஞ்சுகிட்டே வருது. ரேஸ் முழுக்க ஊர்வலம் மாதிரி ஒட்டிக்கிட்டுப் போறாங்க, கடைசில ஒரு பெருசு ஆகுது, எவன் மிச்சமோ அவன் ஜெயிக்கிறான். இதை எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்க.”

“அந்தத் தகட்டைக் கழட்டு!” என்றார் ஓடெல். எஞ்சின் மெக்கானிக். பழைய தமிழில் ‘ஓடேல்’, அதாவது ஓடாதே, என்று கேட்கும் பெயரை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வண்டியை ஓட வைத்தவர். “எஞ்சின் நல்லா மூச்சு விடட்டும்.”

“கழட்டினா கார் வேலியத் தாண்டி உன் மடியில வந்து உக்காரும், ஓடெல்.”

“திருப்பத்துல சரிவைக் குறைங்க.”

“ஒரே பக்கமா திரும்பித் திரும்பி அலுத்துப்போச்சு, ஒரு வலது திருப்பம் வைங்களேன்.”

“அதுக்கு வேற ஊருக்குப் போ!”

சிரிப்பு அடங்கியபோது வெர்லீன் எழுந்தாள். “ரேடியோவைப் புடுங்குங்க” என்றாள்.

ஒருவரும் மெல்லவில்லை.

“பின்னாடி எவன் எந்தப் பக்கம் வர்றான்னு நாங்க மேலேருந்து ஓதிக்கிட்டே இருக்கோம். ஓதினதும் முன்னாடி போறவன் குறுக்க வந்து மறிக்கிறான். எல்லாரும் காதால ஓட்டுறாங்க, கண்ணால ஓட்டல. அந்த மறிக்கிறதுலதான் பெருசே ஆகுது. நாங்க வாயை மூடினா ஆளுக்கு ஆள் இடம் விட்டு ஓட்டுவாங்க, முந்துறவன் முந்துவான்.”

பின்வரிசையிலிருந்து ஹாய்ட் எழுந்தான். நாய் அங்கே இல்லை. “அப்ப நான் குருடன் மாதிரி ஓட்டணுமா?”

“கண்ணாடின்னு ஒண்ணு மாட்டியிருக்கே, அது என்ன தலை வாரவா?”

“அதுல பாதிதான் தெரியும்!”

“பாதியையாவது பாரு!”

டிட்மோர் கையைத் தூக்கினார். “யம்மா, யப்பா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தானே போகப் போறீங்க? அடுத்த சனிக்கிழமை கடைசி இருபது சுத்துக்கு மட்டும் ரேடியோ கிடையாது. விபத்துன்னா காருக்குள்ள மஞ்சள் விளக்கு எரியும். பாத்துடுவோம்.”

5

என் சந்தேகம் இங்கே ஆரம்பிக்கிறது. கணவனோடு இருக்கும் ஒரே பேச்சு ரேடியோவில். அதையே பிடுங்கச் சொல்கிற பெண்ணை வாசகர் நம்புவாரா? முதல் வரைவில், குற்ற உணர்ச்சியால் சொன்னாள் என்று எழுதினேன். அழுமூஞ்சியாக இருந்தது. அவனைப் பழிவாங்க என்று மாற்றினேன். அப்படிப்பட்டவள் என்றால் அவளிடம் நான் என் தலையைக் கொடுத்திருக்க மாட்டேன். விளையாட்டின் நலனுக்காக என்று [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது]

கடைசியில் அவள் கடை நாற்காலியில் உட்கார்ந்து அவளையே கேட்டேன்.

“ஆடாம இரு, காதை வெட்டிடுவேன்” என்றாள். கொஞ்ச நேரம் வெட்டினாள். “என் வாய்ச் சொல்லால அவன் ஒரு தடவை செத்துப் பொழைச்சான். இன்னொரு தடவை என்னால முடியாது.”

“அப்ப அந்த நாலு வார்த்தையும் போயிடுமே.”

“போயிடும்.” என் கழுத்திலிருந்த முடியை ஊதினாள். “அப்புறம் நாய்தான். எனக்கு மட்டும் தெரியாதா?”

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

6

சனிக்கிழமை. வெயில், வேகவைத்த வேர்க்கடலை வாசனை, பாதிரியாரின் ஜெபம், கொடிப் பாட்டு, எஞ்சின் சத்தம். ரேடியோ இருந்தவரைக்கும் பழைய ஊர்வலமேதான். கடைசி இருபது சுற்று வந்தது. கூரையில் எல்லோரிடமிருந்தும் ரேடியோவை வாங்கிக்கொண்டு போனார்கள். வெர்லீன் கொடுப்பதற்கு முன் பொத்தானை ஒரு தடவை அழுத்தினாள். என்ன சொல்வதென்று தெரியாமல், “சரி, ஹாய்ட்” என்றாள். அந்தப் பக்கம் கொரகொரவென்று கேட்டது. பதிலா, வெறும் இரைச்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஓட்டுநர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவன் துணிந்து வெளிப்பக்கம் போனான். அவனை யாரும் மறிக்கவில்லை. அவன் வருவது முன்னால் போனவனுக்குத் தெரிந்தால்தானே! இன்னொருவன் உள்பக்கம் நுழைந்தான். கும்பல் அவிழ்ந்து நீண்டது. முதலிடம் கை மாறிக்கொண்டே இருந்தது. கூட்டம் எழுந்து நின்றது, ஓடெல் தொப்பியைக் கழற்றி எறிந்தார். ஆசிரியரே, நீங்கள் கேட்ட கட்டுரை இந்தப் பத்திதான்.

வெர்லீனுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. ஹாய்ட்டின் பச்சைக் காரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருந்தான். கடைசிக்கு முந்தின சுற்றில், ரஸ்க் என்கிற புதுப் பையன் ஹாய்ட்டின் உள்பக்கத்தில் வந்து ஒட்டினான். அவன் வந்த இடம் ஹாய்ட்டின் கண்ணாடியில் தெரியாத இடம். ஹாய்ட் கார் லேசாக உள்பக்கம் சாய்ந்தது. “அங்கயே இருக்கான்!” என்று வெர்லீன் கத்தினாள். “ஹாய்ட், அங்கயே இருக்கான்!” கூரையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க வேண்டியவனுக்கு மட்டும் கேட்காது என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்தினாள்.

பச்சைக் கார் தயங்கியது. பிறகு உள்ளே இறங்காமல் தன் தடத்திலேயே ஓடியது.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் சில இருக்கின்றன.

ஹாய்ட் ஜெயிக்கிறான், எல்லோர் முன்னாலும் வெர்லீனைக் கட்டிக்கொள்கிறான். ஆசிரியருக்குப் பிடிக்கும். வெர்லீனுக்குப் பிடிக்காது, வியர்வையில் ஊறின ஆளைக் கட்டிக்கொள்ள அவளுக்கு என்ன தலையெழுத்தா?

அல்லது கடைசித் திருப்பத்தில் பெருசு ஆகிறது. அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். எழுதமாட்டேன், போங்கள்.

அல்லது ஹாய்ட் கூரைக்கு ஏறி வந்து “நீ அன்னிக்கு ‘இல்ல’ன்னு சொல்லியிருப்ப, நான் நம்பறேன்” என்கிறான். நன்றாக அழுகிறமாதிரி எழுதியும் வைத்தேன். ஹாய்ட்டைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். பந்தயம் முடிந்து, வெயில் தாழும்போது இருவரும் தங்கள் பிக்கப் வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். [பின் இருக்கையில் நானும் இருந்தேன். என்னை இந்த வரைவில் தபால் ஆபீஸ் முனையில் இறக்கிவிட்டேன். மூன்றாம் ஆள் இருந்தால் ஹாய்ட்டுக்கு வாய் வராது.]

வண்டி ஆலையைத் தாண்டியது, தேவாலயத்தைத் தாண்டியது. ஹாய்ட் சாலையைப் பார்த்து ஓட்டினான். வெர்லீன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான், இனிமேல் சனிக்கிழமையும் இல்லை என்று நினைத்தாள்.

“அந்த ரஸ்க் பய,” என்றான் ஹாய்ட்.

வெர்லீன் திரும்பவில்லை.

“உள்பக்கம் வந்து ஒட்டிக்கிட்டான் தெரியுமா? கண்ணாடில ஒரு மண்ணும் தெரியல. நிழலு. ரோட்டுல அவன் காரோட நிழலு, என் கதவுக்குக் கீழ. அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். இத்தனை வருஷம் ஓட்டுறேன், நிழலு விழும்னே எனக்குத் தெரியாது.”

ரஸ்க் ஒட்டினது அவளுக்குத் தெரியும். மேலேயிருந்து அதைப் பார்த்துக் கத்தினவள் அவள்தான். ஆனால் அந்த நிழல் அவள் நின்ற இடத்திலிருந்து தெரியாது. அவர்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பந்தயத்தில் அவன் பார்த்து அவள் பார்க்காதது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. இருபது சுற்றையும் அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையால் காற்றில் கார்களை நகர்த்திக்கொண்டு. வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் இருவரும் இறங்கவில்லை. உள்ளே டீக்கன் குரைத்துக்கொண்டிருந்தது.

அவன் எத்தனையாவது வந்தான் என்று கேட்பீர்கள். வெர்லீனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நீங்கள் உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொல்கிற கதையில் இன்னும் ஏழாவது சுற்றுதான் ஆகிறது. நான் ‘முற்றும்’ போட்டால் அவன் வாயை அடைத்தது போலாகிவிடும்.

வெர்லீன் இருக்கையில் அவன் பக்கமாகத் திரும்பி, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.