எலிக்கு வராத புண்

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பது அவள் வேலை. பாதிக் கூண்டுகளுக்கு வழக்கமான தீனி. மீதிக்கு முளைகட்டிய பயறை அரைத்துக் கலந்த தீனி. பிறகு எல்லா எலிகளுக்கும் வயிற்றைப் புண்ணாக்கும் மருந்தைக் கொடுத்து அறுத்துப் பார்த்தார்கள். பயறு தின்றவற்றின் வயிற்றில் புண் என்று சொல்ல அதிகம் இல்லை. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு அவள் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி டாக்சி ஓட்டுபவன். வெகுநாளாக அல்சர். மாத்திரை இல்லாமல் வண்டியில் ஏற மாட்டான்.

"எலி வயித்தையே காப்பாத்துதுடா. நீயும் தினம் ஒரு கைப்பிடி சாப்பிடு."

"இருக்குற வீடு எலி வளை. தீனி மட்டும் எதுக்கு வேற?" என்று சிரித்தான் தம்பி.

அவன் மனைவி அன்றே பயறை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். தம்பி காலையில் மென்று தின்றான். சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. "அக்கா, இனிமே நீதான் என் டாக்டர்" என்று போனில் வாய் நிறையச் சொன்னான். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மாத்திரையைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், சிக்னலில் வண்டி நிற்கும்போது, ஸ்டியரிங் மேலேயே ரத்தமாக வாந்தியெடுத்தான். பின்சீட்டில் இருந்த பயணிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வயிற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவன் மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்காகிறது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

"நான் நிறுத்தச் சொல்லலியேம்மா" என்றாள் தம்பி மனைவியிடம், ஆபரேஷன் அறை வாசலில்.

"விடக்கூடாதுன்னு சொன்னீங்களா அண்ணி?"

எலிகளுக்குப் புண் வருவதற்கு முன்னால் பயறு கொடுத்தார்கள். தம்பிக்குப் புண் ஏற்கெனவே இருந்தது. இது அவளுக்குத் தெரியாததல்ல. சந்தோஷத்தில் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

"என் புருஷனும் உங்களுக்கு ஒரு எலிதானா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி பிழைத்தான். நெடுநேரம் உட்கார முடியாததால் டாக்சி கைமாறியது. அக்காவை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடுங்கக்கா, எனக்கும் புத்தி இருந்திருக்கணும்" என்றான். பிறந்ததிலிருந்து அவளை வா, போ என்று பேசியவன், வண்டியில் ஏறும் யாரோ ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசினான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஆய்வு வெற்றி என்று மேலும் கூண்டுகள் வந்தன. அவள்தான் தீனி வைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பியைப் பார்க்கப் போகிறாள். அவன் மனைவி கதவைத் திறப்பாள், உட்காரச் சொல்வாள், தண்ணீர் கொடுப்பாள். கிளம்பும்போது, அக்கா வாங்கிவந்த பழப்பையைப் பிரிக்காமல் அப்படியே கையில் திணிப்பாள்.

"அவருக்கு என்ன கொடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு அண்ணி."