ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவே

வெள்ளைத்துரையை மக்கு என்று சொல்லிவிட முடியாது. கல்லைக் கையில் கொடுத்தால் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்து, இது களிமண் படிந்ததா வண்டல் படிந்ததா என்று சொல்லிவிடுவான். பென்சிலைக் கொடுத்தால்தான் வம்பு. மேப் போடச் சொன்னால் மனுஷனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அவன் பொண்டாட்டி அன்னக்கொடி அப்படியில்லை. தூத்துக்குடியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பில்தான் ஜியாலஜி படித்தார்கள். முதல் மார்க் அவளுக்கு.

எண்ணெய்க் கம்பெனி இன்டர்வியூவுக்கு இரண்டு பேருக்குமே கார்டு வந்தது. தேதியோ, கல்யாணம் முடிந்த மறுவாரம். "ஒரு வீட்டுக்கு ஒரு உத்தியோகம் போதும்த்தா," என்றார் மாமனார் சிவனாண்டி. அதோடு பேச்சு முடிந்தது. அவன் ரயிலேறினான். அவள் திருப்பரங்குன்றத்து வீட்டில் மாமியார் சோலையம்மாளோடு உலை வைத்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. டேராடூனில் ஒரு வருஷப் பயிற்சி. எண்ணெய் கிடைத்த இடத்தில் அடுத்தடுத்த கிணறுகளை எங்கே தோண்டுவது என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு. அவன் போன மூன்றாம் வாரமே கனத்த கவர் ஒன்று வந்தது. புது மாப்பிள்ளை எழுதிய கடுதாசி அல்லவா, அன்னக்கொடி கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தாள். உள்ளே பூராவும் நம்பர். பன்னிரண்டு கிணறுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் ஆழத்தில் எண்ணெய் மணல் தட்டுப்பட்டது என்ற பட்டியல். அடியில் இரண்டே வரி. "அன்னம், இதுக்குக் கோடு போட வரல. நீ போட்டு அனுப்பு, பாத்து எழுதிக்கிறேன்."

கோபம் வராமல் இருக்குமா? வந்தது. கோபத்தைவிட ஆசை பெரிதாக வந்தது. அடுப்படித் தரையில் தாளை விரித்து, ஒரே ஆழத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் சேர்த்துக் கோடு கோடாக வளைத்தாள். எட்டிப் பார்த்த சோலையம்மாள், "என்னடி இது, தென்கால் கம்மாத் தண்ணி வத்தையில கரையில வரி வரியா நிக்குமே, அதாட்டம் இருக்கு?" என்றாள். அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷம் பாடம் நடத்திய புரொபசர்கூட இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு கவர். மேப்பை மட்டும் அனுப்பினால் பரீட்சையில் மாட்டிக்கொள்வானே என்று, ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் எழுதினாள். கடைசியில், சாப்பாடு ஒத்துக்கொண்டதா மச்சான் என்று கேட்பாள். அவன் பதில் எழுதுவான்: ரொட்டிதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது, கல்நெஞ்சுக்காரன். நம்பர் இல்லாத கடுதாசி ஒன்று வராதா என்று அவள் ஏங்கினாள். நம்பர் வரத் தாமதமானால் அதற்கும் ஏங்கினாள். தபால்காரர் தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போதே வாசலுக்கு வந்து நிற்பாள்.

பதினோராம் மாசம் கடைசிக் கவர் வந்தது. அறைக்கு எடுத்துப்போய்ச் செய்து, இருபது நாளில் கொடுக்க வேண்டிய பரீட்சை. மூன்று புதுக் கிணறுகளுக்கு இடம் குறிக்க வேண்டும். இந்தத் தடவை அதிசயமாக நாலு வரி கூட இருந்தது. "மேல வாரவங்கள அஸ்ஸாமுக்கு அனுப்புறாகளாம். பின்னால நிக்கிறவங்களுக்குக் காவேரிப் படுகை. பசங்க பேசிக்கிறாங்க. எனக்கு எதுங்கிறது நீ போடுற கோடுதான்."

காவேரிப் படுகை என்றால் மதுரைக்கு ஒரே பஸ். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகலாம். அஸ்ஸாம் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை.

அன்னக்கொடி பட்டியலைப் பார்த்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஏழாம் கிணற்றில் மணல் ஆயிரத்து எண்ணூறு மீட்டரில். அதற்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற பதினொன்றாம் கிணற்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். நடுவே பூமி முறிந்து கீழே இறங்கியிருக்கிறது. அந்த முறிவுக்குக் கிழக்கே தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும்.

இரண்டு நாள் பென்சிலைத் தொடவில்லை. மூன்றாம் நாள், முறிவே இல்லாததுபோல் கோடுகளை வெட்டாமல் வளைத்து, மூன்று கிணற்றையும் கிழக்கே குறித்தாள். காரணம் மட்டும் எழுதவில்லை. கவரை ஒட்டிப் போட்டுவிட்டு வந்து பானைத் தண்ணீரைச் செம்போடு குடித்தாள்.

மறுநாளே மனசு குத்தியது. நம்மை நம்பித்தானே அனுப்பினார்? தபாலாபீசுக்கு ஓடி, 'கிழக்கே வேண்டாம்' என்று தந்திப் பாரத்தில் எழுதினாள். நீட்டப்போன நேரத்தில் சனிக்கிழமை பஸ் ஞாபகத்துக்கு வந்தது. பாரத்தைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு மாசம் கழித்துக் கடுதாசி வந்தது. மெல்லிசான கவர். அதில் நம்பரே இல்லை.

"அன்னம், மூணாவது ரேங்க்கு வந்துட்டேன். உன் மேப்பத் தாள்ல ஏத்தப் போனேன். ஏழுக்கும் பதினொன்னுக்கும் நடுவுல இடிச்சுச்சு. ஆழம் திடீர்னு குதிச்சா கோட்டை வளைக்காதீக, வெட்டுங்கன்னு தை மாசம் நீதான எழுதுன? அதான் வெட்டிட்டேன். கிணத்த மேக்க தள்ளிட்டேன். முதத் தடவையா என் கையாலயே போட்டேன். அஸ்ஸாம் போட்டிருக்காக. இம்புட்டு நாள்ல நீ தப்புப் பண்ணுனதே இல்லையே, உடம்புக்கு எதுவும் முடியலையா? எனக்கு அதான் ரோசனையா இருக்கு."

அன்னக்கொடி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சோலையம்மாள் பதறிப்போய் வந்தாள். "என்னத்தா, கெட்ட சேதியா?"

"நல்ல சேதிதான் அத்தை. பாசாயிட்டாக. மூணாவதா வந்திருக்காக."

"அதுக்கா அழுவுற, கிறுக்கச்சி?"

"இனிமே அவுகளுக்கு என் கோடு வேண்டியதில்ல அத்தை."

சோலையம்மாளுக்கு விளங்கவில்லை. முந்தானையால் மருமகள் முகத்தைத் துடைத்துவிட்டு, பாயசத்துக்கு வெல்லம் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

அன்னக்கொடி இன்லண்ட் லெட்டரை எடுத்தாள். உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டால் போதும், எல்லாம் மூடிவிடும். அவன் நம்பிவிடுவான். சுற்றிலும் இடம் நிறையக் கிடக்க, நடுவில் இரண்டே வரி எழுதினாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மச்சான். அந்த முறிவு எனக்கு மொதல்லயே தெரியும்."

ஒட்டி எடுத்துக்கொண்டு, பாயசம் கொதிக்கிறதுக்குள் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள்.